மாடு ஒதுக்கியது நொதிக்கு ஆகுமா?
வேளாண் கழிவிலிருந்து எத்தனால்: கரிசல் காட்டை முன்வைத்து ஒரு மதிப்பீடு

நெல் வைக்கோல், மக்காச்சோளத் தட்டை, பருத்திமார் என எதை எடுத்துக்கொண்டாலும், உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைக் கண்ணிகள் கோத்த சங்கிலிதான். இது தெரிந்து 200 ஆண்டுகள் ஆகின்றன. 1819இல் பிரான்ஸின் நான்சி நகரில் ஆன்ரி பிராக்கோனோ என்ற வேதியியலர் கந்தல் துணியையும் வைக்கோலையும் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்துக் காட்டினார். அன்று முதல் ஒவ்வொரு போர்க்காலத்திலும், ஒவ்வொரு எண்ணெய் நெருக்கடியிலும் அதே கேள்வி புதிதுபோல எழுகிறது: களத்தில் கிடக்கும் கூளத்தைச் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையை எரிசாராயமாக்கி வண்டி ஓட்ட முடியுமா?

இந்தியாவில் இப்போது இது கொள்கை வகுப்போரின் கேள்வி. 2018இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, உணவல்லாத கழிவிலிருந்து எடுக்கும் 'இரண்டாம் தலைமுறை' எத்தனாலுக்கு முன்னுரிமை தந்தது. 2019 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'ஜீவன்' திட்டம், இத்தகைய ஆலைகளுக்கு உதவ 1,969.50 கோடி ரூபாயை ஒதுக்கியது. இந்தக் கேள்வியை விருதுநகர் மாவட்டத்தில், அதாவது சாத்தூர், அருப்புக்கோட்டை, வெம்பக்கோட்டைக் கரிசலிலும், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு நன்செய்யிலும் வைத்துப் பார்த்தால் விடை வேறாகிறது. இதுவரை சொல்லப்பட்ட முக்கிய விடைகளையும் அவற்றின் குறைகளையும் தொகுத்து, இந்த மண்ணுக்கு எது எவ்வளவு பொருந்தும் என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

அமிலம் காட்டிய முதல் வழி

முதல் விடை அமிலத்தினுடையது. செல்லுலோஸ் என்று 1838இல் ஆன்செல்ம் பாயன் அடையாளம் கண்ட பொருள், குளுக்கோஸ் கண்ணிகள் நீளமாகக் கோத்த இழை. சூடான அமிலம் அந்தக் கண்ணிகளை அறுக்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் மரத்தூளிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகள் ஓடின. ஜெர்மனியில் பெர்கியுஸ், ஷொல்லர் முறைகள் வந்தன. சோவியத் ஒன்றியம் மரக்கழிவைக் கரைக்கும் தொழிலைப் பல பத்தாண்டுகள் நடத்தியது.

இந்த முறையின் குறை தொடக்கத்திலேயே தெரிந்தது. அமிலத்துக்குச் சங்கிலியை அறுக்கத் தெரியும். எங்கே நிறுத்துவது என்று தெரியாது. விடுபட்ட சர்க்கரையே மேலும் சிதைந்து ஃபர்ஃபுரால் போன்ற பொருள்களாகிறது. அவை ஈஸ்ட்டுக்கு நஞ்சு. கலன்களை அரிக்கும் அமிலத்தைத் திரும்பப் பிடிப்பதும் செலவு. கரும்புப்பாகும் பெட்ரோலும் மலிவாகக் கிடைத்த இடத்தில் இந்த ஆலைகள் நிற்கவில்லை. போரும் தடையும் சந்தையை மூடியிருந்தபோதே அவற்றுக்கு வாழ்வு இருந்தது.

கூடாரத் துணியில் கிடைத்த பூஞ்சை

இரண்டாம் விடை ராணுவ ஆய்வகத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் மட்கிப்போயின. அந்தத் துணியிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சை வகைகளில் ஒன்றுக்கு கியூஎம் 6ஏ என்று எண்ணிட்டார்கள். துணியைக் காப்பாற்றுவதே முதல் நோக்கம். எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் ஆகியோரின் ஆய்வு அந்த நோக்கத்தைத் திருப்பிப்போட்டது: துணியைத் தின்னும் நொதியைக் கொண்டு கழிவைச் சர்க்கரையாக்கலாமே! அந்தப் பூஞ்சைக்கு 1977இல் ரீஸின் பெயராலேயே டிரைக்கோடெர்மா ரீசி எனப் பெயர் வந்தது. இன்று விற்கப்படும் செல்லுலேஸ் நொதிகளில் பெரும்பகுதி இதன் வழித்தோன்றல்களிலிருந்து வருவதே.

செல்லுலேஸ் என்பது தனி நொதி அல்ல, ஒரு கூட்டணி. ஒன்று இழையின் நடுவில் வெட்டும். மற்றொன்று வெட்டிய முனையிலிருந்து இரண்டிரண்டு கண்ணிகளாக உரித்துக்கொண்டே போகும். மூன்றாவது அந்த இரட்டைக் கண்ணியைப் பிளந்து தனிக் குளுக்கோஸாக்கும். ஒன்று தளர்ந்தாலும் மற்றவை தேங்கும். உற்பத்தியாகும் சர்க்கரையே நொதியைத் தடுக்கவும் செய்யும். 2010, 2011ஆம் ஆண்டுகளில் ஆக்சிஜனைக் கொண்டு படிக இழையின் மேற்பரப்பை உடைக்கும் இன்னொரு வகை நொதிகள் தெரியவந்து, கூட்டணி மேலும் விரிந்தது.

இந்தத் துறைக்கு இந்தியாவின் பங்களிப்பு சிறிதல்ல. நொதியின் திறனை அளக்க உலக ஆய்வகங்கள் பின்பற்றும் முறையை 1987இல் வகுத்தளித்தவர் டெல்லி ஐஐடியின் டி.கே. கோஷ். 50 மில்லிகிராம் வடிதாள் துண்டை 50 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் நொதியில் வைத்து, எவ்வளவு சர்க்கரை வருகிறது என்று பார்ப்பதே அந்த அளவை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. குணசேகரன், சர்க்கரையை எத்தனாலாக்கும் சைமோமோனாஸ் மொபிலிஸ் என்ற பாக்டீரியாவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பனங்கள் போன்ற பானங்களில் வாழும் இந்த நுண்ணுயிரின் மாற்றியமைத்த வடிவத்தையே பின்னாளில் அமெரிக்காவில் டூபான்ட் தன் ஆலையில் பயன்படுத்தியது.

நொதி வழியின் பலவீனம் அதன் நிதானத்தில் இருக்கிறது. அமிலம்போல அது சர்க்கரையைக் கெடுக்காது. ஆனால் வைக்கோலை நேரே கொடுத்தால் உள்ளே நுழையவும் முடியாது. செல்லுலோஸைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ், அதற்கு மேல் லிக்னின் என்று தாவரம் தன்னைப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராகக் கட்டிக் காத்துக்கொள்கிறது. எனவே நீராவியாலோ மென்னமிலத்தாலோ அம்மோனியாவாலோ முதலில் பதப்படுத்தித் திறக்க வேண்டும். செலவிலும் சிக்கலிலும் பெரும்பங்கு இந்த முதல் படியில்தான். அமில வழியை விட்டு வந்த துறை, அமிலத்தை வாசலிலேயே மீண்டும் சந்திக்கிறது.

நொதி மலிந்ததா?

2000க்குப் பின் அமெரிக்க அரசின் உதவியுடன் ஜெனன்கோர், நோவோசைம்ஸ் நிறுவனங்கள் நொதியின் விலையைப் பல மடங்கு குறைத்துவிட்டதாக அறிவித்தன. நம்பிக்கையாளர்களின் வாதம் இதன் மேல் நின்றது: நொதி மலிந்துவிட்டது, இனி ஆலை கட்டுவதுதான் பாக்கி. 2012இல் க்லைன்-மார்குஷமர் குழுவினரின் மதிப்பீடு இதை மறுத்தது. கோட்பாட்டளவில் அதிகபட்ச விளைச்சல் கிடைத்தாலும் ஒரு காலன் எத்தனாலுக்கு நொதிச் செலவு 0.68 டாலர், நடைமுறை விளைச்சலில் 1.47 டாலர் என்று அவர்கள் கணித்தார்கள். முந்தைய மதிப்பீடுகளைவிட இது பல மடங்கு அதிகம்.

ஆலைகளின் வரலாறு யார் பக்கம் பேசுகிறது? இத்தாலியின் கிரெசென்டினோ ஆலை 2013இல் தொடங்கி 2017இல் நின்றது. பிறகு கைமாறி 2022இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. அமெரிக்காவில் அபெங்கோவாவின் ஹியூகோடன் ஆலை 2014இல் திறந்து அடுத்த ஆண்டே மூடப்பட்டது. டூபான்ட் 2015இல் திறந்த ஆலையிலிருந்து 2017இல் விலகியது. மக்காச்சோளக் கதிர்க்கட்டையையும் இலையையும் நம்பிய போயட்-டிஎஸ்எம் ஆலை 2014 முதல் 2019 வரை போராடி நின்றது. ருமேனியாவின் பொடாரியில் கோதுமை வைக்கோலுக்காக 2021இல் கட்டிமுடித்த கிளாரியன்ட் ஆலையை 2023 இறுதியில் மூட முடிவானது. இவற்றுக்கு மாறாக, கரும்புச் சக்கையை மூலப்பொருளாகக் கொண்ட பிரேசிலின் ரைசன் நிறுவனம் தன் முதல் ஆலையைப் பல ஆண்டுகள் நடத்தியதோடு மேலும் ஆலை கட்டியது.

நொதி தோற்றது என்ற முடிவுக்கு இந்தப் பட்டியல் போதாது. பல ஆலைகளில் முதலில் திக்குமுக்காடியது கழிவை உள்ளே செலுத்தும் பகுதி: மண்ணும் கல்லும் கலந்த கட்டுகள், அடைக்கும் திருகுகள், தேயும் உலோகம். கச்சா எண்ணெய் விலை வீழ்ச்சி, தாய் நிறுவனத்தின் கடன், மாறும் அரசுக் கொள்கை ஆகியவையும் சேர்ந்தன. பிரேசில் ஆலையின் சாதகம் நொதியில் மட்டும் இல்லை என்பதும் கவனிக்க வேண்டியது. சக்கை ஏற்கெனவே ஆலை வாசலில், கழுவி நசுக்கிய நிலையில் குவிந்திருக்கிறது. அங்கே சேகரிப்புச் செலவு இல்லை.

பானிபட் சொன்ன விடை

இந்தியாவின் விடை ஹரியானாவில் கட்டப்பட்டது. பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம், பிராஜ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு அமைத்த ஆலையை 2022 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து ஏறத்தாழ 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது வடிவமைப்பு. அதாவது டன்னுக்கு 150 லிட்டர். உலர் வைக்கோலில் 36 சதவீதம் செல்லுலோஸ், 22 சதவீதம் ஹெமிசெல்லுலோஸ் என்று கொண்டால் கோட்பாட்டின்படி ஏறத்தாழ 400 லிட்டர் கிடைக்க வேண்டும். ஈரம், மண், முழுமையாகத் திறக்காத இழை, ஹெமிசெல்லுலோஸ் தரும், ஈஸ்ட் எளிதில் தொடாத சைலோஸ் என்ற சர்க்கரை எல்லாம் கழிந்தபின் மிஞ்சுவதுதான் 150. தொடக்க ஆண்டுகளில் ஆலை அந்த வடிவமைப்பு அளவையும் எட்டவில்லை என்றே செய்திகள் கூறின.

பானிபட்டுக்குப் பின்னால் இருந்த நியாயம் எரிபொருள் மட்டுமல்ல, புகையும்தான். பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்ததும் கோதுமை விதைக்கச் சில வாரங்களே அவகாசம். பாசுமதியல்லாத நெல்லின் வைக்கோலைத் தீவனமாகக் கொள்ளும் வழக்கமும் அங்கே குறைவு. எனவே தாளை எரிக்கிறார்கள். அந்தப் புகை டெல்லியை அடையும் நாள்களில்தான் தீபாவளியும் வருகிறது. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைத் தரும் சிவகாசிக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்து, பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்தது. டெல்லிக் காற்று கெட்டதில் வைக்கோலின் பங்கு எவ்வளவு, வாகனத்தின் பங்கு எவ்வளவு, வெடியின் பங்கு எவ்வளவு என்ற வாதத்தில் சிவகாசித் தொழிலாளியின் வேலைநாள்களும் அடங்கியிருக்கின்றன. அந்த வகையில் பானிபட் ஆலை வெற்றி பெறுவதில் விருதுநகர் மாவட்டத்துக்கும் ஓர் அக்கறை இருக்கிறது.

ஆனால் பானிபட்டின் நியாயத்தை அப்படியே தெற்கே இறக்குமதி செய்ய முடியாது. இங்கே வைக்கோல் தொல்லை அல்ல, சொத்து.

கரிசலில் எது மிச்சம்?

மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 75 கோடி டன் உயிர்ப்பொருள் கிடைப்பதாகவும், அதில் 23 கோடி டன் அளவுக்கு வேளாண் கழிவு 'உபரி' எனவும் கணக்கிடுகிறது. ஆலைத் திட்டங்கள் இந்த உபரியின் மேல்தான் எழுகின்றன. ஆனால் உபரி என்பது நாடு தழுவிய சராசரிகளிலிருந்து கழித்துப் பெறும் எண். ஊர் மட்டத்தில் ஒவ்வொரு கட்டுக்கும் கேட்பவர் இருக்கலாம்.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. மானாவாரியில் மக்காச்சோளம், பருத்தி, சோளம், கம்பு, குதிரைவாலி, பயறு. மேற்குத் தொடர்ச்சி மலையடியில் கண்மாயும் பிளவக்கல் அணைகளும் தரும் நீரில் நெல், கரும்பு. மேற்கில் அறுத்த வைக்கோல் படப்பாகிறது, அல்லது கட்டுகளாகக் கிழக்கே மாட்டுக்கு விலைக்குப் போகிறது. மழை பொய்த்த ஆண்டில் டெல்டா வைக்கோலும் லாரியில் வருகிறது. சோளத்தட்டையும் கம்மந்தட்டையும் கோடைத் தீவனம். கடலைக் கொடியை விற்பவர்கூடக் குறைவு. தன் மாட்டுக்கே அதை வைத்துக்கொள்வார்கள்.

மிஞ்சுபவை மூன்று. ஒன்று, பருத்திமார்: முற்றிய மார் மாட்டுக்கு ஆகாது, அடுப்புக்கு ஆகும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த பருவத்துக்குத் தங்காதிருக்க அதை வயலிலிருந்து அகற்றச் சொல்லி வேளாண் துறையும் வலியுறுத்துகிறது. இரண்டு, மக்காச்சோளத்தில் மணி உதிர்த்த கதிர்க்கட்டையும் தட்டையின் முற்றிய அடிப்பகுதியும். மூன்று, பயிரல்லாத சீமைக் கருவேலம்.

இவற்றைச் சேர்ப்பதற்கான கணக்கு எளிதல்ல. ஓர் ஏக்கரில் 2 டன் தட்டை கிடைக்கிறது, அதில் பாதியை மாட்டுக்கும் மண்ணுக்கும் விடவேண்டும் என்று ஓர் அனுமானம் வைத்துக்கொள்வோம். பானிபட் அளவிலான ஆலைக்கு 2 லட்சம் ஏக்கர் தேவைப்படும். மாவட்டத்தின் மொத்தப் பரப்பு, மலையும் ஊரும் கண்மாயும் உட்பட, ஏறத்தாழ 10.5 லட்சம் ஏக்கர். அதில் ஐந்தில் ஒரு பங்கு முழுவதும் ஒரே பயிராக இருந்தால்தான் ஒரே ஓர் ஆலை ஓடும். அறுப்பு தையிலும் மாசியிலும் முடிந்துவிடும். மீதி ஆண்டு முழுவதும் கட்டுகளைச் சேமித்தாக வேண்டும். பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகும் ஊர்களில் பருத்தி எடுக்கவே ஆள் தட்டுப்பாடு. மார் பொறுக்க யார் வருவார்? இயந்திரம் வைத்தால் அதன் வாடகை கட்டின் விலையில் ஏறும்.

மாட்டு வயிறும் நொதிக் கலனும்

இந்தக் கட்டுரையின் மையமான கவனிப்பு இங்கே வருகிறது. மாடு வைக்கோலைத் தன் நொதியால் செரிப்பதில்லை. அதன் முதல் இரைப்பையில் வாழும் பாக்டீரியாவும் பூஞ்சையும் செல்லுலேஸ் சுரந்து இழையை அறுக்கின்றன. ஆலைக் கலனில் நடப்பதும் அடிப்படையில் அதே வேதிவினை. எனவே எது மாட்டுக்கு எளிதில் செரிக்கிறதோ அது பெரும்பாலும் நொதிக்கும் எளிது. எதை மாடு முகர்ந்து ஒதுக்குகிறதோ அதில் நொதியும் பெரும்பாலும் திணறும். இரண்டுக்கும் பொதுவான தடை லிக்னின். பருத்திமாரில் அது மரத்துக்கு இணையான அளவில், கால் பங்கை ஒட்டி இருக்கிறது. சீமைக் கருவேலம் மரமேதான்.

இதிலிருந்து ஒரு முரண் பிறக்கிறது. மாட்டோடு போட்டியிடாத கழிவை எடுங்கள் என்பது அறத்தின் கோரிக்கை. மாடு தின்னக்கூடியதை எடுங்கள் என்பது நொதியின் கோரிக்கை. இரண்டும் ஒரே கட்டில் அபூர்வமாகவே சேர்கின்றன. இரண்டாம் தலைமுறை எத்தனால் உணவோடு மோதாது என்ற வாதம், மனிதரின் தட்டை மட்டும் கணக்கில் எடுத்தால்தான் முழுமை பெறும். தீவனம் கரைந்தால் பாலும் எருவும் உழவு மாடும் கரையும். மோதல் ஒரு படி தள்ளிப்போகும், அவ்வளவே.

விதிக்கு விலக்குகளும் உண்டு. மக்காச்சோளக் கதிர்க்கட்டையில் லிக்னின் ஒப்பளவில் குறைவு, சைலோஸ் தரும் ஹெமிசெல்லுலோஸ் மிகுதி. மாட்டுக்கு அதில் பெரிய நாட்டமில்லை. மணி உதிர்க்கும் களத்திலேயே குவிவதால் சேகரிப்பும் எளிது. நொதி வழிக்கு இந்தப் பகுதியில் மிகப் பொருத்தமான பொருள் இதுவாக இருக்கக்கூடும். ஆனால் கொதிகலன்களில் எரிக்க அதற்கும் விலை உண்டு. சிவகாசி அச்சகங்களின் வெட்டுத்தாள் இன்னொரு விலக்கு. காகித ஆலையில் லிக்னின் நீங்கிய தாளை நொதி விரைவாகக் கரைக்கும். நொதியை அளக்க வடிதாளைத் தேர்ந்ததும் அது தரம் மாறாத, எங்கும் கிடைக்கும் செல்லுலோஸ் என்பதால்தான். ஆனால் பழைய தாளை வாங்கி மீண்டும் தாளும் அட்டையும் ஆக்கும் வணிகம் ஏற்கெனவே உயிரோடு இருக்கிறது. அதைவிட எத்தனால் அதிக விலை தர வேண்டும்.

பதப்படுத்தும் அறிவு தீவனத்துக்கும் திரும்பலாம் என்பது இன்னொரு சிந்தனை. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 3 வாரம் மூடிவைக்கும் முறையைக் கால்நடைத் துறையினர் நெடுங்காலமாகப் பரிந்துரைக்கிறார்கள். யூரியா அம்மோனியாவாகி இழையைத் தளர்த்தும். அமெரிக்காவில் புரூஸ் டேல் வளர்த்தெடுத்த அம்மோனியாப் பதப்படுத்தல் இதன் தொழிற்சாலை வடிவம். அதே பொருளைத் தீவனமாகவும் எரிபொருள் மூலமாகவும் பயன்படுத்தலாம் என்பது அவருடைய வாதம். முதலீடு குறைந்த வறண்ட மாவட்டத்தில், எரிபொருளைவிடத் தீவனப் பயனுக்கே இந்த அறிவு முதலில் பலன் தரலாம்.

வேறு வழிகள் சொல்வது

நொதியை விலைக்கு வாங்காமலே நுண்ணுயிரை வேலைக்கு வைக்கலாம் என்பது சாண எரிவாயு மரபின் வாதம். 2018இல் மத்திய அரசு தொடங்கிய 'சதத்' திட்டம் அழுத்திய உயிர்வாயுவை ஊக்குவிக்கிறது. ஜெர்மனியின் வெர்பியோ நிறுவனம் பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்தில் 2022இல் வைக்கோல் வாயு ஆலையைத் திறந்தது. டூபான்ட் கைவிட்ட அமெரிக்க ஆலையை வாங்கியதும் இதே நிறுவனம்தான். இந்த வழியில் சைலோஸும் குளுக்கோஸும் சேர்ந்தே வாயுவாகும்; மிஞ்சும் கசடு எருவாக வயலுக்குத் திரும்பும்; சிறிய அளவிலும் செய்யலாம். ஆனால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், லிக்னின் இங்கும் செரியாது, வாயுவை விற்கக் குழாயோ உருளையோ வேண்டும்.

எரிப்பதும் கரியாக்குவதும் இன்னொரு மரபு. சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குவது திருச்சுழி, நரிக்குடி, ராமநாதபுரம் பக்கத்தில் பழகிய பிழைப்பு. லிக்னின் இங்கே தடையல்ல, வெப்பம் தரும் சரக்கு. நொதி வெறுக்கும் பொருளை நெருப்பு விரும்புகிறது. சீமைக் கருவேலத்தை அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் உத்தரவிட்டிருப்பதால், இந்தக் கையிருப்பை நிலையான மூலப்பொருளாகக் கொண்டு ஆலை எழுப்புவது ஒருபக்கம் அழிப்பு, மறுபக்கம் தேவை என்ற சிக்கலைக் கொண்டுவரும்.

வயலிலேயே விடுங்கள் என்பது மண்ணியலாளரின் விடை. வறண்ட வெப்பத்தில் கரிசலின் கரிமச்சத்து குறைந்தே இருக்கிறது. தட்டையை மடக்கி உழுதால் ஈரம் பிடிக்கும், மண் இளகும். எவ்வளவு எடுத்தால் மண் தாங்கும் என்பது மண்ணுக்கு மண், மழைக்கு மழை மாறும். அமெரிக்க மக்காச்சோள வயலின் வரம்பை மானாவாரிக் கரிசலுக்குப் பொருத்துவது ஆபத்து.

நொதி உற்பத்தியையும் நொதித்தலையும் ஒரே நுண்ணுயிரிடம் ஒப்படைக்கும் முயற்சியை லீ லிண்ட் போன்றோர் பல ஆண்டுகளாக முன்வைக்கிறார்கள். கோட்பாட்டில் கவர்ச்சியானது, வணிக அளவில் இன்னும் நிலைபெறவில்லை.

இதற்கிடையே முதல் தலைமுறை வழியே வேகமாக ஓடிவிட்டது. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கை 2025இல் எட்டியதாக மத்திய அரசு அறிவித்தது. அது கரும்பு, அரிசி, மக்காச்சோள மணியிலிருந்து வந்தது. வைக்கோலின் பங்கு மிகச் சிறிது. மக்காச்சோளம் எத்தனாலுக்குப் போனதும் விலை ஏறியது. நாமக்கல் கோழிப்பண்ணையாளர்கள் முறையிட்டார்கள். விற்ற விவசாயிக்கு லாபம். மணிக்கே எத்தனால் சந்தை இருக்கும்போது தட்டையைக் கரைக்க யார் முதலிடுவார் என்ற கேள்வி இப்போது கூர்மையாகியிருக்கிறது.

நீரும் நெருப்பும்

இடம் சார்ந்த இரண்டு தடைகளைப் பொதுவான மதிப்பீடுகள் கணக்கில் எடுப்பதில்லை. முதலாவது நீர். பதப்படுத்தல், கழுவல், நொதித்தல், வடித்தல் எல்லாமே நீர் கேட்பவை. மாவட்டத்தின் பல ஊர்களுக்குக் குடிநீரே தாமிரபரணியிலிருந்து குழாயில் வருகிறது. தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றியதற்கு வறண்ட வானமும் வேளாண்மை தராத வருமானமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அதே வறட்சி, நீர் தேடும் ஆலைக்குப் பாதகம். இரண்டாவது நெருப்பு. எத்தனாலின் தீப்பற்று வெப்பநிலை ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸ்; சித்திரை வெயிலில் கட்டுக்கட்டாக நிற்கும் தட்டையும் பொறிக்குக் காத்திருப்பது. வெடிபொருளுக்கும் பெட்ரோலியக் கிடங்குக்கும் உரிமம் தரும் பெசோ அமைப்புக்குச் சிவகாசியிலேயே அலுவலகம் உண்டு. பட்டாசு ஆலைகளும் கிடங்குகளும் செறிந்த வட்டத்தில் பாதுகாப்பு இடைவெளி விட்டு நிலம் காண்பது எளிதாக இராது.

தீராமல் இருப்பவை

தொகுத்துப் பார்த்தால், நொதியால் வைக்கோலைச் சர்க்கரையாக்க முடியுமா என்ற கேள்வி ஆய்வகத்தில் எப்போதோ தீர்ந்தது. வணிக அளவில் ஓரளவு நம்பிக்கை தருபவை, மூலப்பொருள் ஏற்கெனவே ஓரிடத்தில் குவியும் தொழில்கள். இந்த அளவுகோலின்படி விருதுநகரில் பானிபட் வகைப் பேராலைக்கான அடிப்படை இப்போதைக்குத் தெரியவில்லை. எரிக்கும் வழக்கம் குறைவு, தீவனத் தேவை மிகுதி, விளைச்சல் மழையைப் பொறுத்தது, நீர் அரிது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துக் கரும்பின் சக்கைகூட அரைக்கும் ஆலைக் கொதிகலனுக்கே உரியது என்பதால் அதையும் உபரியாகக் கொள்ளத் தயங்க வேண்டும்.

திறந்திருக்கும் கேள்விகள் நான்கு. கதிர்க்கட்டைக்கு எத்தனாலைவிட சைலோஸ் சார்ந்த விலையுயர்ந்த பொருள்கள் சிறிய அளவிலேயே கட்டுபடியாகுமா? நொதியைப் பெருநிறுவனங்களிடம் வாங்காமல், ஆலைக்கு அருகிலேயே தட்டையின் மேல் பூஞ்சை வளர்த்து எடுத்தால் செலவுக் கணக்கு மாறுமா? மானாவாரிக் கரிசலில் எவ்வளவு தட்டையை எடுக்கலாம் என்பதற்குக் கோவில்பட்டி, அருப்புக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர் வேளாண் ஆராய்ச்சி நிலையங்களின் நீண்டகாலப் பரிசோதனைகள் என்ன வரம்பு தரும்? பருத்திமாருக்கு, அது விரும்பாத சர்க்கரை வழியைவிட, பலகையோ கரியோ மின்சாரமோ நல்ல முடிவா?

முதல் இரண்டும் வேதியியல் பொறியியலின் கேள்விகள்; அடுத்த இரண்டும் மண்ணும் மாடும் கூலியும் சேர்ந்த கேள்விகள். இதுவரையான பணமும் ஆய்வும் பெரும்பாலும் முதல் வகையின் பக்கமே போயின. ஆலைகள் மூடிய வரலாறோ இரண்டாம் வகைக் கேள்விகளில் தடுக்கி விழுந்த கதையாகவும் இருக்கிறது. மாவட்ட அளவில் ஒவ்வொரு கழிவும் இன்று யார் கையில், எந்த மாதத்தில், என்ன விலைக்குப் போகிறது என்ற கணக்கெடுப்பு முதலில் வேண்டும். அது கைக்கு வரும்வரை 'உபரி' என்ற சொல்லின் மேல் ஆலை கட்டுவதைத் தள்ளிவைப்பதே பொறுப்பான நிலைப்பாடு.